கேமராவுக்கு முன்னால் வரவேண்டியது

அன்புள்ள சின்னவனுக்கு,

ஒரு புகைப்படம் மூன்று விஷயங்களால் ஆனது: பார்வை, கைத்திறன், கருவி. எதைக் காட்டுவது, எங்கே நின்று காட்டுவது, எந்த நொடியில், எந்த வெளிச்சத்தில், எதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு என்று முடிவு செய்வது பார்வை. அந்த முடிவு படமாகி வருவதற்கு அப்பர்ச்சர், ஷட்டர், ஃபோகஸ், பிரிண்ட் ஆகியவற்றைச் சரியாகக் கையாளத் தெரிவது கைத்திறன். பாடி, லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட் எல்லாம் கருவி. மூன்றில் கடையில் கிடைப்பது கருவி மட்டும்தான். கைத்திறன் பழகப் பழக வரும். பார்வைக்குக் கடையும் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. பணத்துக்குக் கிடைப்பது கருவி ஒன்றே என்பதால், தொழிலுக்குள் நுழைபவர்கள் முதலில் அதைத் தேடிப் போகிறார்கள். மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதே இங்கே விளக்க வேண்டிய விஷயம். சின்னவன் கேமராக் கடையில் வாங்கிய ஆறு லட்ச ரூபாய் கொட்டேஷனின் நகலை அவன் அம்மா போன வாரம் அனுப்பிவைத்ததற்கும் இந்த விளக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

கருவியிலிருந்து தொடங்குவதே முறை. கேமராவின் முதல் வேலை வெளிச்சத்தைச் சேர்ப்பது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் சிறிய சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒன்றாக எண்ணும் ஸ்டாப் கணக்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதல். மண்டபத்தின் மங்கிய மூலையில் இந்த வித்தியாசம் தெரியும். பகல் வெளிச்சத்தில் தெரியாது. இதோடு லென்ஸின் கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ், நீட்டிய நிலையில் f/5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மி.மீ. f/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரிய பாடி தரும் ஆதாயம் இரண்டேகால் மடங்கு, சின்ன லென்ஸ் தருவது ஒன்பதரை மடங்கு. இரண்டின் விலையும் கொட்டேஷனிலேயே இருக்கிறது. விலையும் பயனும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய கணக்கு வேண்டியதில்லை.

மெகாபிக்சலும் இப்படித்தான். 24 மெகாபிக்சல் படத்தில் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது 20 அங்குல அகலம் வரும். 45 மெகாபிக்சல் கேமரா தருவது ஏறத்தாழ 8256×5504 புள்ளிகள். எண் இரண்டு மடங்கை நெருங்கினாலும் அகலம் 27 அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்தின் 12×36 பக்கம்கூடப் பெரும்பாலும் நாலைந்து படங்களைச் சேர்த்து அடுக்கியது. மீதிப் படங்கள் போய்ச் சேருமிடம் கைபேசித் திரை. அங்கே எல்லாம் சுருங்கிவிடும். கூடுதல் புள்ளிகளால் பயனடைபவர் பெரிய விளம்பரப் பலகைக்கு எடுப்பவரும், எடுத்த பிறகு படத்தைப் பாதியாக வெட்டுபவரும். எடுப்பதற்கு முன்பே சட்டத்தைத் தீர்மானித்துக்கொள்பவருக்கு அவை அதிகம் தேவைப்படுவதில்லை.

கருவியே படத்தைத் தீர்மானிக்கும் துறைகளும் உண்டு. மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் மைதானத்தின் நடுவில் ஓடுபவருக்கும் 400, 600 மி.மீ. லென்ஸ் வேண்டும், பூச்சியின் கண்ணுக்கு மேக்ரோ வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன், நொடியின் சிறு துளிக்குள் மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கைப் படமெடுக்கப் பழக்கியிராவிட்டால், பால் சொட்டு தெறித்துக் கிரீடமாக எழும் அவருடைய புகழ்பெற்ற படம் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பால் சொட்டை அவர் 1930களிலிருந்தே எடுத்துவந்தார். எல்லோருக்கும் தெரிந்த வண்ணப் படம் வந்தது 1957இல். விளக்கு கையில் இருந்தும், அவர் தேடிய கிரீடம் கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது. இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர் அதற்குரிய கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும். சின்னவன் போகப்போவது காட்டுக்கா, மைதானத்துக்கா, கல்யாண மண்டபத்துக்கா என்பது இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கொட்டேஷனில் மூன்றுக்கும் லென்ஸ் இருக்கிறது.

அடுத்தது கைத்திறன். இதைக் கருவியின் ஒரு பகுதியாகக் கருதுவது பொதுவான வழக்கம். உண்மையில் இது பார்வைக்கு வேலை செய்யும் ஆள். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஆன்செல் ஆடம்ஸ். பியானோக் கலைஞராகத் தேர்ந்துகொண்டிருந்த இளைஞர். 1927 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறைக்கு எதிரே பனியில் ஏறிப் போய் நின்றபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு கண்ணாடித் தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். எடுத்த பிறகுதான், பாறையை நேரில் பார்த்தபோது மனத்தில் ஏற்பட்ட கனம் அந்தத் தகட்டில் வராது என்று தோன்றியது. வானம் ஏறக்குறைய கறுப்பாக வேண்டும். இரண்டாவது தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். நீல வானத்தைச் சிவப்பு ஃபில்டர் இருட்டாக்கும் என்பது கைத்திறன். இந்தப் பாறைக்குப் பின்னால் வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்பது பார்வை. கேமராவும் லென்ஸும் இரண்டு தகட்டுக்கும் ஒன்றே.

1941 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே நடந்தது இன்னும் தெளிவானது. மாலை வெயிலின் கடைசிக் கீற்று கல்லறைச் சிலுவைகளில் பட்டுக்கொண்டிருந்தது. மேலே நிலா எழுந்துவிட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்திப் பெரிய கேமராவை மாட்டிய ஆடம்ஸுக்கு வெளிச்சமானி அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷரை வகுத்து, f/32இல் ஒரு நொடி திறந்தார். காப்புக்கு இன்னொரு படம் எடுக்க ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. கருவி காணாமற்போன இடத்தில் படத்தைக் காப்பாற்றியது, கற்று வைத்திருந்த ஓர் எண். கைத்திறனைக் கருவியோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதற்கு இதுவே போதும். இப்படிப்பட்ட கணக்குகளைப் பழக விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. மேனுவல் வசதி உள்ள எந்தப் பழைய கேமராவும் போதும். தாத்தா தூக்கத்தில்கூட 'வெயிலில் பதினாறு' என்று சொல்லுவார். நல்ல வெயிலில் f/16, ஃபிலிமின் வேக எண்ணே ஷட்டர் வேகம் என்ற அந்த விதி, டிஜிட்டலிலும் ஒரு மாற்றமும் இல்லாமல் பொருந்தும்.

போதாத கருவியும் தெளிவான பார்வையும் சேரும்போது கைத்திறன் தானே வழி கண்டுபிடிக்கும் என்பதற்கு வங்காளத்தில் ஒரு சான்று உண்டு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபோது சுப்ரதோ மித்ராவுக்கு வயது இருபதுகளின் தொடக்கம். அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1956இல் வெளிவந்த ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசியின் வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். அப்படிப்பட்ட முற்றத்தில் வெளிச்சம் மேலிருந்து நிழலே விழாத மென்மையோடு இறங்கும். ஸ்டூடியோ விளக்குகளோ ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு நிழல் போடும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் பிடித்தார். இன்று கல்யாண வீடுகளில் குடையைத் திருப்பிப் பிடித்து ஃபிளாஷ் அடிப்பதும் இதே வேலைதான். அங்கே செலவானது துணி. காசி முற்றத்தின் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று முன்பே உற்றுப் பார்த்திருந்ததுதான் முதலீடு.

மூன்றாவதும் முதன்மையானதும் பார்வை. இதைப் பிறவி வரம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர்களின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், பார்வை எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சுட்டிக்காட்ட முடியும்; அது பெரும்பாலும் கேமராவுக்கு வெளியிலிருந்தே வந்திருக்கிறது.

ஹென்றி கார்ட்டியே-பிரேஸோன் பாரிஸில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் 1920களின் இறுதியில் ஓவியம் பயின்றார். கோடு, கோணம், வெற்றிடம் ஆகியவற்றின் கணக்கு அங்கே கைக்கு வந்தது. லைக்கா கேமரா அதற்குப் பிறகு, 1932இல். ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே முதன்மையாகப் பயன்படுத்தினார். ஃபிலிம் கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் லேபுக்கு விட்டுவிட்டார். அதே 1932இல் சேன்-லாசார் ரயில் நிலையத்தின் பின்புறம் அவர் எடுத்த படம், பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தது. ஓரம் மறைந்து வந்ததால் பிறகு வெட்ட வேண்டியிருந்தது. தேங்கிய நீரைத் தாண்டுபவரின் உருவம் கலங்கியும் இருக்கிறது. ஆனால் அவருடைய குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்தைய நொடி அதில் நிற்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டு வந்தவர், சற்று நேரத்திலேயே அவர் சுடப்பட்ட செய்தி கேட்டு பிர்லா மாளிகைக்கு ஓடினார். வாசலில் நேரு அந்த மரணத்தை மக்களுக்கு அறிவிக்கும் இரவுப் படம், இன்றைய ஃபோட்டோ கிளப் போட்டியில் முதல் சுற்றிலேயே கழிக்கப்படும் அளவுக்கு மங்கல். அந்தப் படம் இல்லாமல் அந்த இரவின் வரலாறு இல்லை.

ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராதான் அவருடைய முதல் கேமரா. லண்டன் புகைப்பட இதழ்கள் அவருடைய ஃபோகஸைக் கேலி செய்தன, தகடுகளில் இருந்த கீறலையும் கறையையும் கண்டித்தன. அவற்றில் சொன்னது பொய்யில்லை. கறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் முகம் இன்றும் பார்ப்பவரை நிறுத்துகிறது. அன்று துல்லியமாக எடுத்துப் பாராட்டு வாங்கிய பலரின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. கேமரன் 1875இல் கணவருடன் இலங்கைக்குப் போய், 1879இல் அங்கேயே காலமானார். கவிஞர்களோடும் ஓவியர்களோடும் பழகிய நடுவயதுவரையான வாழ்க்கைதான் அவருடைய பயிற்சிக் கூடம்.

தமிழரில் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் காலமாகும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களை ஒட்டிச் சேர்த்துத் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கேமராக் கம்பெனி எதுவும் அதற்கு விளம்பரம் செய்ய முன்வந்திராது. யானை காதை எப்போது விரிக்கும், காட்டெருது எப்போது தலையைத் தூக்கும் என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவுதான் ஷட்டரை அழுத்தியது. காட்டுக்கு லென்ஸ் அவசியம் என்று மேலே சொன்னது இங்கேயும் உண்மைதான். ஆனால் தம் தேவை என்னவென்று தெரிந்த பிறகு, அதற்கேற்பக் கருவியை அவரே கட்டிக்கொண்டார். கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேவையைத் தேடவில்லை.

நிமாய் கோஷ் இதே வரிசையில் இன்னொருவர். கல்கத்தாவின் நாடக மேடைக்காரர். டாக்ஸியில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு கேனனெட் கேமரா நண்பர் ஒருவர் மூலம் அவர் கைக்கு வந்தது. லென்ஸ் கழற்ற முடியாத சின்ன கேமரா. அதை எடுத்துக்கொண்டு 1960களின் இறுதியில் சத்யஜித் ராயின் படப்பிடிப்புக்குப் போய்ப் படமெடுத்தார். படங்களைப் பார்த்த ராய் அவரைக் கூடவே வைத்துக்கொண்டார். அதற்குப் பின் கால் நூற்றாண்டுக் காலம், ராய் மறையும்வரை, கோஷ் அவரை எடுத்துக்கொண்டே இருந்தார். ஃபிளாஷ் போடாமல், இருக்கிற வெளிச்சத்தில். ஒருவரின் உடல் எந்தக் கணத்தில் தன் உள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை நடிகர் அறிவார். மேடை தந்த அந்த அறிவு ராயின் முகத்தைப் படிக்க உதவியது.

ஓவியம், இசை, இலக்கிய நட்பு, காட்டறிவு, நாடகம். ஒவ்வொருவரும் கேமராவைத் தொட்டபோதே வேறொன்றை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே பார்வையை வளர்ப்பது என்றால் ஏதாவதொரு துறையில், ஒரு தெருவில், ஒரு மக்கள் கூட்டத்தில் ஆழ்ந்து பழகுவது என்று பொருள். அதற்குக் காலம் ஆகும், தவணை ஆகாது.

தவணை என்ற சொல் வந்துவிட்டதால், கருவியின் ஆயுளையும் கடனின் ஆயுளையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. கருவிக்கு இரண்டு மரணம் உண்டு: தேய்ந்து சாவது ஒன்று, சந்தை கைவிட்டுச் சாவது இன்னொன்று. இரண்டாவது சொல்லாமல் வரும். கேனன் நிறுவனம் 1987இல் தன் லென்ஸ் மவுண்ட்டை மாற்றியது, அதுவரை எஃப்.டி. லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களால் புதிய பாடியில் அவற்றை மாட்ட முடியவில்லை. 2018இல் மிரர்லெஸ் கேமராவுக்காக மீண்டும் புதிய மவுண்ட் வந்தது. இந்த முறை அடாப்டர் இருந்தது, பழைய லென்ஸின் மறுவிற்பனை விலைக்கு அடாப்டர் இல்லை. கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலை விட்டே விலகியது. 1935இல் பிறந்த கோடாக்ரோம் ஃபிலிமின் தயாரிப்பு 2009இல் நின்றது. கோடாக் 2012இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. டிஜிட்டல் கேமராவை 1975இல் முதலில் செய்து காட்டியவர் அதே கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் என்பது இதில் கவனிக்கத்தக்கது. கண்டுபிடித்த நிறுவனத்துக்கே தெரியாத வருங்காலத்தை, கடையில் கொட்டேஷன் எழுதிக்கொடுக்கும் பையன் சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத்துக்கு இதற்கு உதாரணம் வெளியில் தேட வேண்டியதில்லை. 2001இல் தம்பி, அதாவது சின்னவனின் அப்பா, தவணையில் கலர் லேப் மெஷின் வாங்கிய கதை சின்னவனுக்கும் தெரியும். ஆனால் மெஷின் எப்படி ஒரு வீட்டைத் தின்னும் என்ற தொழில்நுட்பம் தெரிந்திருக்காது. ஃபிலிம் கழுவும் மினிலேபில் டெவலப்பர் எப்போதும் தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும். ரோல்கள் நிறைய வந்தால் கூடவே புது இரசாயனம் ஊறி, தொட்டி நல்ல நிலையில் இருக்கும். ரோல் வரத்து குறைந்தால் டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெட்டுப்போகும். ஒரு படம்கூடக் கழுவாவிட்டாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதாவது வருமானம் குறையக் குறையச் செலவு ஏறும். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று ஏஜெண்ட் சொன்னார். மூன்றாவது வருஷமே கல்யாண வீடுகளில் டிஜிட்டல் கேமராக்கள் வந்துவிட்டன. தவணை ஏழு வருஷம். மேலத் தெரு வீடு, அதற்கு முன்னால் நகை, எல்லாவற்றுக்கும் கடைசியில் தாத்தாவின் யாஷிகா. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்த அந்தக் கேமராவைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்தது இன்றும் ஆறவில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார், கடைசி இரண்டு வருஷத் தவணையை யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. தம்பியைக் குறை சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. அவன் பிரிண்ட் போடுகிற கை, இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது. நிறம் பார்க்கிற கண் அது. அந்தக் கண்ணுக்கு இருந்த மதிப்பை மறைத்துவிட்டு, மெஷின்தான் மதிப்பு என்று நம்பவைத்ததுதான் அந்தக் கடன் செய்த பெரிய கெடுதல். ஜவுளிக்கடை பில்லிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அவன் துணியின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைச் சின்னவன் கவனித்திருப்பான்.

ஆகவே இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன; இரண்டும் நியாயமானவை. முதல் வழி, ஐந்து வருஷத் தவணையில் ஃபுல் ஃப்ரேம் பாடியும் மூன்று லென்ஸும் வாங்கி, தவணைக்காக வருகிற ஆர்டரையெல்லாம் ஒப்புக்கொண்டு, எடுத்த படத்தைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் அடுத்த மண்டபத்துக்கு ஓடுவது. இரண்டாவது வழி, பழைய ஏ.பி.எஸ்.-சி. பாடி ஒன்றும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் கையிருப்புப் பணத்துக்கு வாங்கி, ஒரு வருஷம் அதை மட்டும் வைத்து எடுப்பது. அந்தச் சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், கார்ட்டியே-பிரேஸோனின் 50 மி.மீ. அளவுக்கே பார்க்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்கச் சின்னவன் விருப்பம்.

இரண்டாவது வழியின் முறை வருமாறு. லென்ஸ் ஒன்றே ஆகையால் நெருங்குவதும் விலகுவதும் காலால் செய்ய வேண்டியது. எங்கே நிற்பது என்ற முடிவு அப்போதுதான் பழகும். ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, அதே இடத்துக்குக் காலையும் மாலையும், வெயிலிலும் மழையிலும் போக வேண்டும். இடத்தை மாற்றக் கூடாது. வெளிச்சம் மாறுவதைக் கண் தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வது அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் படங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, 4×6 பிரிண்ட் போட்டு, மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். திரையில் எல்லாப் படமும் பிரகாசமாகத் தெரியும். காகிதம் அந்தச் சலுகையைத் தராது. பக்கத்தில் அப்பாவை உட்காரவைத்துக்கொண்டால் எந்தப் படத்தில் நிழல் அடைத்திருக்கிறது, எதில் தோல் நிறம் பச்சையடிக்கிறது என்று அவன் சொல்லுவான். அவனுக்கும் அது தேவை. ஆர்டர் வந்து, கையிலிருக்கும் லென்ஸ் போதவில்லையென்றால் வாடகைக்கு எடுக்கலாம். ஒரே கருவிக்குக் கொடுக்கிற வாடகை ஆறு மாதம் தொடர்ந்து தவணைத் தொகையைத் தாண்டினால், அந்தக் கருவியை வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன் வாங்கினால் அது ஆசை. அதற்குப் பின் வாங்கினால் தொழில்.

ஆடம்ஸின் சிவப்பு ஃபில்டரும், மித்ராவின் துணியும், கிருஷ்ணனின் ஒட்டுப்போட்ட கேமராவும் ஒரே வரிசைமுறையைக் காட்டுகின்றன: முதலில் கண் ஒன்றைக் கேட்கிறது, பிறகு கை அதற்கு வழி தேடுகிறது, கருவி கடைசியில் வருகிறது. வரிசை மாறினால் கருவி கேட்பதைக் கண் செய்ய வேண்டியதாகிறது. பத்து ஃப்ரேம் ஒரு நொடியில் ஓடும் கேமரா, பத்தையும் எடுக்கச் சொல்லும்; எந்த ஒன்று வேண்டும் என்று அது ஒருபோதும் கேட்காது.

இவ்வளவும் பொதுவான விளக்கம். சின்னவனைப் பற்றி இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. குலதெய்வம் கோயில் பொங்கலில் எல்லோரும் சாமியைப் பார்த்து நின்றபோது, அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரண்டியோடு நின்ற அத்தையை அந்த உடைந்த கைபேசியில் எடுத்த படம், பெரியம்மாவின் பூஜையறைக்கு வெளியே மாட்டப்பட்டிருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கேமரா பிடித்த குடும்பத்தில் அப்படி ஒரு படம் யாரும் எடுத்ததில்லை, தாத்தா உட்பட. அந்தக் கண் எந்தக் கேமராவிலும் பிழைத்துக்கொள்ளும். ஃபுல் ஃப்ரேம்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், அதுவும் தப்பில்லை. இந்த வயதில் ஆசைப்படாமல் எந்த வயதில் ஆசைப்படுவது? எதை வாங்கினாலும் முதல் லென்ஸ் பெரியப்பாவின் கணக்கு. வட்டியும் வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். கடனில்தான் வாங்கியாக வேண்டும் என்று முடிவானால், ஜாமீன் கையெழுத்துக்கு வங்கிக்கு எந்த நாள் வர வேண்டும் என்று ஒரு போன் செய்தால் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை மட்டும் முடியாது, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என்றும் ஆசிகளுடன்,
பெரியப்பா